கானற் புன்னை

நுழையும்முன்

தமிழ்ப் புலவர்கள் மரங்களை வெறும் பின்புலமாகப் பாடவில்லை. ஒரு நிலத்தின் காற்று, நீர், மணல், பறவை, மாந்தர் ஆகிய அனைத்தையும் ஒரு மரத்தின் வழியாகக் காட்டினர். குறிஞ்சிக்கு வேங்கையும் நெய்தலுக்குப் புன்னையும் அவ்வாறு அமைந்தவை. சென்னையின் மயிலாப்பூர், கடலும் புன்னையும் சேர்ந்த ஊராகப் பாடப்பெற்றது. புன்னையைப் புலவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதையும், அவர்கள் கண்டதை இன்றும் நேரில் காண முடியுமா என்பதையும் இப்பாடம் ஆராய்கிறது.

மரத்தை அறிதல்

புன்னை, கடற்கரை மணலில் செழித்து வளரும் பசுமைமாறா மரம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கிப் பசிபிக் பெருங்கடல் தீவுகள் வரை இது பரவியுள்ளது. பழுத்து உதிரும் காய் நீரில் மிதக்கும். அலை அதனைச் சுமந்துசென்று வேறொரு கரையில் சேர்க்கும். கடலே இம்மரத்தின் விதையை விதைக்கிறது எனலாம். சிங்களத்தில் 'தொம்ப' என்றும், தாகித்தித் தீவில் 'தமனு' என்றும் வழங்குவது இம்மரமே.

இதன் இலை தடித்து, வழவழப்பாக, கரும்பச்சை நிறத்தில் ஒளிரும். நடுநரம்பின் இருபுறமும் மெல்லிய கிளைநரம்புகள் சீப்பின் பற்கள்போல நெருக்கமாக ஓடும். புன்னையை அடையாளம் காண இந்த ஓர் இலக்கணமே போதும். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குக் 'கலோபில்லம் இனோபில்லம்' என்று பெயரிட்டார். 'கலோபில்லம்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'அழகிய இலை' என்பது பொருள். அவர் இலையைக் கண்டு வியந்தார். தமிழ்ப் புலவர்களோ பெரிதும் அரும்பையும் நிழலையும் கண்டு பாடினர்.

உருண்டையான வெண்ணிற அரும்புகள் கொத்துக்கொத்தாகத் தோன்றும். விரிந்த பூவில் வெண்மையான இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தத் தாள்கள் நிறைந்திருக்கும். மணம் மிக்க பூ இது. பச்சைக் கோலிக்குண்டு போன்ற காயினுள் கடினமான ஓடுடைய ஒற்றைக் கொட்டை இருக்கும். அதிலிருந்து எடுக்கப்படும் புன்னை எண்ணெய் உண்ணத்தக்கதன்று. அது விளக்கெரிக்கவும், மேற்பூச்சு மருந்தாகவும் பயன்பட்டது. வலிமையான அதன் மரம் படகு கட்ட உதவியது. இரவில் ஒளியும் பகலில் நிழலும் கடல்மேல் கலமும் தந்தமையால், நெய்தல் நில மக்களின் வாழ்வில் புன்னை நீங்கா இடம் பெற்றது. இலக்கண நூலார் நெய்தலின் கருப்பொருளில் மரங்களாகப் புன்னை, ஞாழல், கண்டல் ஆகியவற்றைக் குறிப்பிடுவர்.

முத்தும் விண்மீனும்

ஒரு பொருளை வருணிப்பதற்கு உவமை துணைசெய்கிறது. அவ்வுவமை கண்டறிந்ததா, கேட்டறிந்ததா என்பதைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தே உணர முடியும். புன்னை அரும்பைப் பற்றி இரு புலவர்கள் கூறும் உவமைகளை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் நல்லூர் நத்தத்தனார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணன் கடற்கரை வழியே எயிற்பட்டினத்தை நோக்கி நடக்கிறான். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் பகுதியாக ஆய்வாளர் பலர் கருதுவர். சென்னைக்குத் தெற்கே புதுச்சேரி செல்லும் அதே கரையோரம் அது. அங்கே தாழை அன்னத்தைப் போலப் பூக்கிறது. செருந்தி பொன்னோ என மயங்கச் செய்கிறது. புன்னை முத்துகளைத் தாங்கி நிற்கிறது. ஒரு பூவை மட்டும் புகழாமல், கரையில் நடப்பவன் கண்ணில் அடுத்தடுத்துப் படும் காட்சிகளை அதே வரிசையில் புலவர் அமைத்திருக்கிறார்.

அகநானூற்றின் பத்தாம் பாடலில் அம்மூவனார் வேறோர் உவமையைக் கையாள்கிறார். கடலின் நீர்த்துளிகள் வந்து தெறிக்கும் இடத்தில் நிற்கிறது முதிர்ந்து வளைந்த புன்னை. அதன் கரிய பெருங்கிளையில் பறவைகள் தங்குகின்றன. அதன் மெல்லிய அரும்புகள் விண்மீன்களைக் கண்டாற்போலத் தோன்றுகின்றன.

முத்து, விண்மீன் ஆகிய இரண்டில் எது பொருத்தமான உவமை? இரண்டும் பொருந்துவனவே. அருகில் நின்று ஓர் அரும்பை நோக்குபவனுக்கு அதன் உருட்சியும் வெண்மையும் முத்தாகத் தோன்றும். சற்று விலகி நின்று மரம் முழுவதையும் நோக்குபவனுக்குக் கரிய இலைத்திரள் இரவு வானமாகவும், அதில் சிதறிய அரும்புகள் விண்மீன்களாகவும் தோன்றும். உவமை வேறுபடுவது, புலவன் நின்ற இடம் வேறுபடுவதால் ஆகும்.

அம்மூவனார் மரத்தை 'வளைந்தது' என்று கூறுவதும் கருதத்தக்கது. கரையோரம் வளரும் புன்னை நேராக நிமிர்ந்து நிற்பது அரிது. காற்றுக்கும் மணலுக்கும் ஈடுகொடுத்துச் சாய்ந்து, கடலை நோக்கித் தாழ்ந்து வளரும் இயல்புடையது அது. தோட்டத்து மரத்தைக் கண்டு எழுதியவர் இச்சொல்லை ஆளமாட்டார். ஒரே ஓர் அடைமொழி, மரம் நின்ற இடத்தையும் அது பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறது.

மரத்தடி உலகம்

சங்கப் பாடல்களில் புன்னை தனித்து நிற்பதில்லை. அதன் கிளையிலும் அடியிலும் வேறு உயிர்கள் வாழ்கின்றன.

நற்றிணையில் பிசிராந்தையார் பாடிய பாடலில், பூக்கள் உதிரும் புன்னை நிழல் தரும் உயர்ந்த கரையருகே நாரை ஒன்று தன் பெடையோடு கடலைத் துழாவி இரை தேடுகிறது. சிவந்த கடைக்கண்ணையுடைய சிறுமீனைப் பற்றிக்கொண்டு, உயர்ந்த கிளையின் உச்சியில் உள்ள கூட்டுக்குச் செல்கிறது. தாயை அழைத்துக் கத்தும் குஞ்சின் வாயில் அம்மீனைச் சொரிகிறது. புன்னை இங்கே ஓர் இல்லம்.

நக்கண்ணையார் பாடிய நற்றிணைப் பாடலில், குளிர்ந்த அரும்புகள் கட்டவிழ்ந்த பெரிய அடியையுடைய புன்னை, துறையில் மேயும் சிப்பியின் ஈரமான முதுகின்மீது உதிர்கிறது. மரம் நிலத்திற்குரியது, சிப்பி நீருக்குரியது. பூவின் துகள் விழும் அந்த ஒரு கணத்தில் நிலமும் நீரும் இணைகின்றன. 'கரை' என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கூற இயலாது.

மாந்தரும் அந்நிழலை நாடுகின்றனர். குறுந்தொகையில் வெண்மணிப்பூதியார் படைத்த தலைவி, மணல்மேட்டுப் புன்னையின் நிழலில் தலைவனைச் சந்தித்த நாளை நினைவுகூர்கிறாள். அவனைக் கண்டவை கண்கள். அவன் சொல்லைக் கேட்டவை செவிகள். அவ்வாறிருக்க, அவன் பிரிந்தால் மெலிபவை தோள்களாக இருப்பது ஏன் என்று தோழியிடம் வினவுகிறாள்.

சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்வதும் புன்னை நிழலில் பரந்த புதுமணலின்மீதே. அங்கேதான் கானல்வரி பாடப்படுகிறது. ஒருவர் பாட்டை மற்றொருவர் பிறழ உணர, அவர்கள் பிரிகின்றனர். இளங்கோவடிகள் புன்னையைப் பிரிவின் களத்தில் நிறுத்தியது தற்செயலன்று. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். நெய்தல் மரத்தின் நிழல் அந்த இரக்கத்தை முன்னரே அறிவித்துவிடுகிறது.

உடன்பிறந்த மரம்

இவை அனைத்தினும் ஒரு படி மேலே செல்வது நற்றிணையின் 172ஆம் பாடல். இதைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. பகலில் புன்னை நிழலில் தலைவியைச் சந்திக்க வருகிறான் தலைவன். தோழி அவனைத் தடுக்கிறாள். அவள் கூறும் காரணம் இது:

சிறுமியராய் இருந்தபோது தோழியருடன் வெண்மணலில் புன்னை விதையைப் புதைத்து விளையாடினர். பின்னர் அதனை மறந்துவிட்டனர். ஒருநாள் அது முளைவிட்டது. மகிழ்ந்த சிறுமியர் நெய் கலந்த இனிய பாலை ஊற்றி வளர்த்தனர். அதைக் கண்ட அன்னை, 'இம்மரம் உங்களைவிடச் சிறந்தது. உங்களுக்குத் தங்கை முறையாகும்' என்றாள். ஆதலால், தங்கையின் அருகில் நின்று உன்னோடு சிரித்துப் பேச நாணுகிறோம். நீ விரும்பினால் நிழல்தரும் மரங்கள் வேறும் உள்ளன.

பாடலின் அழகு அதன் நாணத்தில் மட்டும் இல்லை. புன்னை விதையின் ஓடு மிகவும் கடினமானது. ஓடு உடைக்காத விதை முளைக்கப் பல வாரங்கள் ஆகும். புதைத்தவர் மறந்துவிடும் அளவுக்கு அது காலம் எடுத்துக்கொள்கிறது. பாடல் குறிப்பிடும் மறதி, விதையின் இயல்போடு முற்றிலும் ஒத்திருக்கிறது. புலவர் கற்பனை செய்தது உறவை; முளைத்த முறையை அவர் கண்டே எழுதினார்.

மேலும், அன்னை மரத்தை 'மகள்போல' என்று உவமித்து நிறுத்திக்கொள்ளவில்லை; தங்கை என்றே முறை கூறினாள். உவமை பாராட்டோடு முடிந்துவிடும். உறவுமுறையோ கடமையைக் கொண்டுவரும். தங்கை முன்னிலையில் செய்யத்தகாத செயல் உண்டு என்று தோழி ஒப்புக்கொள்வதே அக்கடமையின் தொடக்கம். பயனுக்காக மட்டும் மரத்தை மதிப்பவர்க்கு இந்த நாணம் தோன்றாது.

மயிலையும் புன்னையும்

பெயரறியா நெய்தல் ஊர்களில் நின்ற புன்னை, ஏழாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற ஓர் ஊரின் அடையாளமாகிறது. திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம், தன் முதற்பாடலிலேயே மயிலையைத் தேன் நிறைந்த புன்னைக் கானல் சூழ்ந்த ஊர் என்று அறிமுகம் செய்கிறது. வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை, பாம்பு தீண்டி இறந்தவள். அவளை நோக்கி, ஊரின் விழாக்களைக் காணாமல் போவாயோ என்று சம்பந்தர் வினவுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனப் பதிகம் நீள்கிறது. இழந்த உயிரை அழைக்கும் பாடலில், அவ்வுயிர் திரும்பி வரத்தக்க இடமாக ஓர் ஊர் முழுவதும் காட்டப்படுகிறது. அவ்வூரின் முகப்பில் நிற்பது புன்னை.

இன்றும் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னையே. அதன் அருகே புன்னைவனநாதர் சன்னதி உள்ளது. அம்மை மயில் வடிவில் இறைவனை வழிபட்ட தலம் என்பது தலவரலாறு. புன்னை வனம் என்ற பெயரில் ஒரு காலத்தின் நிலக்காட்சியே பொதிந்துள்ளது. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்திலுள்ள புன்னைக்காயலும், தஞ்சையை அடுத்த புன்னைநல்லூரும் இம்மரத்தின் பெயரைத் தாங்கிய பிற ஊர்களாகும்.

கரை மாறிய வரலாறு

சம்பந்தர் கண்ட கரை இன்று அவ்வாறே இல்லை. பழைய கபாலீசுவரர் கோயில் கடலை ஒட்டி இருந்தது என்றும், போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறிய 16ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே கோயில் இன்றைய இடத்தில் எழுந்தது என்றும் ஆய்வாளர் கருதுவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டது. அதன் தடுப்புச்சுவர்களால் தெற்கிலிருந்து வந்த மணல் தேங்கி, மெரினாக் கடற்கரை அகன்றது. 1920களில் மாம்பலத்தை அடுத்த பெரிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. திணைகளைப் பிரித்துக் காட்டிய மணலும் நீர்நிலையும் வீதிகளுக்கு அடியில் மறைந்தன.

நிலம் மாறும்போது சொல்லும் மாறுகிறது. சங்க காலத்தில் 'கானல்' என்பது கடற்கரைச் சோலையைக் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்டதும் வெயிலில் தோன்றி மறையும் கானல்நீரே நினைவுக்கு வருகிறது. சோலை கண்ணிலிருந்து விலகியபோது, சோலையைக் குறித்த சொல்லும் வழக்கிலிருந்து விலகியது. பாடலைப் படிக்க இப்போது அகராதி தேவைப்படுகிறது.

மரங்களின் தேர்வும் மாறியது. விரைவில் வளர்ந்து வண்ணப் பூக்கள் தரும் அயல்நாட்டு அழகு மரங்கள் சென்னையின் வீதிகளில் மிகுதியாக நடப்பட்டன. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் இத்தகைய அழகு மரங்கள் பல. காற்றையும் உப்பையும் தாங்கும் புன்னை, கடற்கரைக் காற்றுத்தடுப்பாக நடுவதற்கு ஏற்ற மரம். முதிர்ந்து வளைந்தும் வீழாமல் கடல்துளி தெறிக்கும் இடத்தில் நிற்பதாக அம்மூவனார் காட்டியதும் இந்த உறுதியையே.

இழந்ததை மீட்கும் முயற்சியும் இந்நகரில் உண்டு. சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கர் பரப்பில் சீரமைக்கப்பட்ட சூழலியல் பூங்கா 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குப்பையும் இடிபாடுகளும் அகற்றப்பட்டு, நீரோட்டம் சரிசெய்யப்பட்டு, உள்நாட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. அதற்குத் 'தொல்காப்பியப் பூங்கா' எனப் பெயரிடப்பட்டது. நிலத்தை முதற்பொருள் என்றும், அதில் வாழ்வனவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்த இலக்கண நூலின் பெயர் அது. முதற்பொருளைச் சீர்செய்தால்தான் கருப்பொருள் திரும்பும் என்னும் உண்மையை அங்கே நேரில் காணலாம்.

ஏடும் மரமும்

பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1915ஆம் ஆண்டில் நற்றிணையை உரையுடன் வெளியிட்டார். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும், 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். அவர் தொகுத்த சுவடிகளைக் காக்கும் நூல்நிலையம் 1943இல் தொடங்கப்பட்டு, இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் கடலுக்கு அருகிலேயே உள்ளது. பி. எல். சாமி போன்ற அறிஞர்கள் சங்கப் பாடல்களில் வரும் செடிகொடிகளை இன்றைய தாவரவியல் பெயர்களோடு பொருத்திக் காட்டினர். ஏட்டிலிருந்த புன்னை அச்சுக்கு வந்தது. அச்சிலிருந்த புன்னை இன்ன மரம் எனத் தெளிவாயிற்று.

எஞ்சியிருப்பது மூன்றாவது பணி: நூலில் உள்ள புன்னையை மண்ணில் உள்ள புன்னையோடு ஒப்பிட்டுப் படித்தல். புன்னையைக் காணாமலும் அம்மூவனாரின் பாடலுக்குப் பொருள் எழுதிவிடலாம். ஆனால் விண்மீன் என்ற உவமை ஏன் பிறந்தது என்பது, அரும்பு நிறைந்த மரத்தை அண்ணாந்து பார்த்தவருக்கே விளங்கும். புலவர் சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் உரிமை படிப்பவர்க்கு உண்டு. அச்சோதனைக்குரிய சான்று அந்த மரம். மரம் அழிந்துபோனால் பாடல் அழியாது. ஆனால் அதன் சான்று அழிந்துவிடும். அதன்பின் அப்பாடலை நம்ப மட்டுமே முடியும், அறிய முடியாது.

மணலில் புதைத்து மறந்த விதை முளைத்தபோது அச்சிறுமியர் செய்தது மிக எளிய செயல். தங்களிடம் இருந்த நல்ல உணவில் ஒரு பங்கை அதற்கு ஊற்றினர். உறவு அங்கேதான் தொடங்கியது. அன்னை அதற்குப் பெயரிட்டது பின்னர்தான்.

தெரிந்து தெளிவோம்

*புன்னை, புன்கு, புன்னாகம்*

பெயர் ஒப்புமையால் இவற்றை ஒன்றெனக் கருதுவோர் உண்டு. சென்னைச் சாலைகளில் நிழலுக்காக மிகுதியாக வளர்க்கப்படும் புங்கமரமே 'புன்கு' ஆகும். அதன் ஒரு காம்பில் பல சிற்றிலைகள் அமையும். புன்னையில் தனி இலைகள் எதிரெதிராக அமையும். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தரும் மலர்ப்பட்டியலில் புன்னாகத்தையும் புன்னையையும் தனித்தனியே குறிப்பிடுகிறார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் உள்ள புன்னை மரம் ஒன்றைக் கண்டறிந்து, அதன் இலை, அரும்பு, பூ, காய் ஆகியவற்றை வரைந்து பெயரிடுக.
2. உங்கள் ஊரின் பெயரிலோ, அருகிலுள்ள கோயிலின் தலமரமாகவோ விளங்கும் மரத்தைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.
3. நாள்தோறும் நீங்கள் காணும் ஒரு மரத்தை அருகில் நின்றும் விலகி நின்றும் நோக்குக. இரு நிலைகளிலும் தோன்றும் உவமைகளை எழுதி வகுப்பறையில் பகிர்க.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. புன்னை அரும்பை விண்மீனுக்கு ஒப்பிட்டவர்
அ) பிசிராந்தையார் ஆ) அம்மூவனார் இ) நக்கண்ணையார் ஈ) நல்லூர் நத்தத்தனார்

*குறுவினா*

2. 'கானல்' என்னும் சொல்லின் அன்றைய பொருளையும் இன்றைய வழக்கையும் குறிப்பிடுக.

*சிறுவினா*

3. புன்னையை 'மகள்போல' என்னாது 'தங்கை' என்று அன்னை கூறியதன் சிறப்பை விளக்குக.

*நெடுவினா*

4. புலவர்கள் புன்னையைக் காட்டிய முறைகளைத் தொகுத்து, 'மரம் பாடலுக்குச் சான்று' என்னும் கருத்தை உங்கள் ஊரின் நிலக்காட்சியோடு பொருத்தி ஆராய்க.